கணவாய்க் காற்றுக்கு ஈடுகொடுக்கும் கிரிஸ்டல் ஓவன்: எந்த வழி, யாருக்கு?

கோவையில் மொட்டைமாடியில் ஒரு டிடிஎச் தட்டை மேற்கு நோக்கித் திருப்பினால், அடிவானத்திலிருந்து சுமார் 30 டிகிரி உயரத்தில் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோள் அகப்படும். 2018 நவம்பரில் ஏவப்பட்ட அதில் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கென்றே கியூஓ-100 என்ற ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த உயரத்தை மறைப்பதில்லை. அங்கிருந்து குரல் 10,489 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வருகிறது. தட்டின் முன்னால் இருக்கும் எல்என்பி (அலையைப் பிடித்து அதன் அதிர்வெண்ணைக் குறைக்கும் பெட்டி), பல மாடல்களில் 25 மெகாஹெர்ட்ஸில் அதிரும் குவார்ட்ஸ் கிரிஸ்டலின் அதிர்வெண்ணை 390 மடங்கு பெருக்கி, 9,750 மெகாஹெர்ட்ஸாக்கி, அதை வந்த அலையிலிருந்து கழித்துக் கீழே அனுப்புகிறது. கிரிஸ்டல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் நிலையம் ஏறக்குறைய 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போய்விடும். ஒரு குரல் எடுத்துக்கொள்ளும் அகலமே 2.7 கிலோஹெர்ட்ஸ்தான். பேசுபவரின் குரல் கெடாமல் கேட்க வேண்டுமானால் பிழை 50 ஹெர்ட்ஸுக்குள் நிற்க வேண்டும். கிரிஸ்டலின் கணக்கில் அது நூறு கோடியில் ஐந்து பங்கு.

வெயிலில் காயும் எல்என்பிக்குள் இருக்கும் சின்னக் கிரிஸ்டலால் இது ஒருநாளும் ஆகாது. அதை எடுத்துவிட்டு, வீட்டுக்குள் ஓர் ஓவனில் வெப்பநிலை மாறாமல் வைத்த கிரிஸ்டலிலிருந்து 25 மெகாஹெர்ட்ஸைக் கேபிள் வழியே மேலே அனுப்புவதுதான் வழக்கம். அந்த ஓவனின் வெப்பத்தை எதைக்கொண்டு கட்டுப்படுத்துவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. தெர்மோஸ்டாட் போதும் என்பார் ஒருவர், மைக்ரோகன்ட்ரோலர் இல்லாமல் முடியாது என்பார் இன்னொருவர், பழைய ஓவன் ஆசிலேட்டரை (ஓவனோடு சேர்ந்தே வரும் ஆயத்த ஆசிலேட்டரை) வாங்கிப் போடுங்கள் என்பார் மூன்றாமவர்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுப்படுத்தும் சுற்று எது என்பது இதில் மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி எந்தக் கிரிஸ்டல், எந்த வெப்பநிலை என்பது. இரண்டாவது, வெப்பம் எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகிறது என்பது. இவை இரண்டும் சரியாக அமைந்தால் எளிய அனலாக் சுற்றே கரையேற்றிவிடும். அமையவில்லை என்றால் எந்தப் பிஐடி நிரலாலும் (பிழையைப் பார்த்து ஹீட்டரைத் திருத்தும் நிரல்) காப்பாற்ற முடியாது.

ஓவனே வேண்டாதவர்களும் உண்டு. 14 மெகாஹெர்ட்ஸில் எஃப்டி8, விஸ்பர் போன்ற டிஜிட்டல் முறைகளில் இயங்குபவருக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது வெறும் 14 ஹெர்ட்ஸ். ஒரு நல்ல டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலை மாற்றத்தைத் தானே ஈடுசெய்யும் ஆசிலேட்டர்) அவருக்குத் தாராளம். அவர் இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

நம் ஊர் வெயிலும் காற்றும்

ஓவன் தன்னால் சூடாக்க மட்டுமே முடிந்த பெட்டி. குளிரவைக்க அதனிடம் எதுவும் இல்லை. ஆகவே, அது நிற்கும் இடத்தின் உச்ச வெப்பத்தைவிட 10 முதல் 15 டிகிரியாவது மேலே அதன் வெப்பநிலை இருந்தாக வேண்டும். சித்திரை மாதத்தில் ஈரோடு, கரூர் பக்கம் வெளியே 40 டிகிரியைத் தாண்டுகிறது. தகரக் கூரை போட்ட அறையில் மேசை மேல் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மின்சப்ளை, மற்ற கருவிகள் எல்லாம் சேர்ந்த பெட்டிக்குள் இன்னும் சில டிகிரி. குளிர்நாட்டில் 45 டிகிரியில் ஓவன் வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். நமக்கு 60 என்பதே கீழ் எல்லை.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்று சன்னல் வழியே மேசைக்கும் வருகிறது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் மெதுவாக நடப்பது. எந்த ஓவனும் அதைச் சமாளிக்கும். ஐந்து நிமிடம் வீசி, ஐந்து நிமிடம் ஓயும் காற்றுதான் ஓவனின் பலவீனத்தைத் துல்லியமாகத் தேடிப் பிடிக்கிறது. ஓவனின் கட்டுப்பாட்டு வளையம் (வெப்பத்தை அளந்து ஹீட்டரைத் திருத்திக்கொண்டே இருக்கும் சுழற்சி) மெதுவாக வேலை செய்யும் கால அளவும் அந்தச் சில நிமிடங்கள்தான். மூன்றாவதாக மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓவன் ஆறி மறுபடி சூடானால் கிரிஸ்டல் பழைய அதிர்வெண்ணுக்கு அப்படியே திரும்பாது.

கிரிஸ்டலைத் தேர்ந்தெடுப்பது

கடைகளில் கிடைப்பவை அநேகமாக, குவார்ட்ஸைக் குறிப்பிட்ட கோணத்தில் வெட்டிய ஏடி வெட்டுக் கிரிஸ்டல்கள். 1930-களில் பெல் ஆய்வகத்தில் பிறந்த இந்த வெட்டின் அதிர்வெண், வெப்பநிலைக்கேற்ப ஒரு எஸ் வடிவ வளைவில் ஏறி இறங்குகிறது. வளைவின் நடுப்புள்ளி 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும். அதற்கு மேலே ஓரிடத்தில் அதிர்வெண் இறங்கி, நின்று, மறுபடி ஏறத் தொடங்கும். அந்தப் பள்ளத்தின் அடியில் வெப்பநிலை சற்று மாறினாலும் அதிர்வெண் அசையாது. ஓவனை அந்தப் பள்ளத்தில் உட்கார வைப்பதே இந்தக் கலையின் பாதி.

பள்ளம் எங்கே விழும் என்பது வெட்டுக் கோணத்தைப் பொறுத்தது. சாதாரணக் கிரிஸ்டல்களில் அது 50 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் விழும். அத்தகைய கிரிஸ்டலை வாங்கிவந்து 75 டிகிரி ஓவனில் வைத்தால், வளைவு செங்குத்தாக ஏறும் இடத்தில் அதை நிறுத்துகிறோம் என்று பொருள். அங்கே ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ பத்து லட்சத்தில் 0.6 பங்கு நகர்கிறது. ஓவன் நூறில் ஒரு டிகிரி ஆடினாலே நூறு கோடியில் ஆறு பங்கு போய்விடும். நம் எல்லை அங்கேயே முடிந்தது. மாறாக, 75 டிகிரியில் பள்ளம் விழும்படி வெட்டிய கிரிஸ்டலாக இருந்து, நாம் குறிவைத்த இடம் பள்ளத்திலிருந்து ஒரு டிகிரி தவறியே இருந்தாலும், நகர்வு டிகிரிக்கு நூறு கோடியில் 30 பங்குதான். இருபது மடங்கு வித்தியாசம். இருபது மடங்கு நல்ல கட்டுப்பாட்டுச் சுற்று செய்வதற்கு ஆகும் உழைப்பை எண்ணிப் பாருங்கள்.

ஒற்றைக் கிரிஸ்டலைச் சொல்லிவைத்து வெட்டி வாங்குவது செலவு பிடிக்கும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்லும் வழி, ஒரே மதிப்புள்ள சாதாரணக் கிரிஸ்டல்களைக் கைநிறைய வாங்கி, ஒவ்வொன்றையும் மெதுவாகச் சூடேற்றிப் பார்த்து, பள்ளம் 60 டிகிரியிலோ அதற்குச் சற்று மேலோ விழுவதைப் பொறுக்கி எடுப்பது. கோணத்தில் உள்ள சிறு சிதறலால் அப்படிச் சில கிடைக்கும். 60-இல் பள்ளம் 75-இல் இருப்பதைவிட அகலமானது என்பது கூடுதல் லாபம்.

எஸ்சி வெட்டு 1970-களில் வந்தது. ஓவனுக்காகவே உருவானது என்று சொல்லலாம். அதன் நடுப்புள்ளியே 95 டிகிரிக்கு அருகில் இருப்பதால், 80 முதல் 90 டிகிரிக்குள் உள்ள திருப்பத்தில் ஓவனை வைக்கிறார்கள். ஏடியில் பள்ளமாக இருப்பது இங்கே மேடு, அதுவும் பல மடங்கு தட்டையான மேடு. அதைவிட முக்கியம், வெப்பம் திடீரென்று மாறும்போது ஏடி கிரிஸ்டலுக்குள் ஏற்படும் இறுக்கத்தால் அதிர்வெண் ஒரு கணம் துள்ளும். எஸ்சியில் அந்தத் துள்ளல் மிகக் குறைவு. விட்டுவிட்டு வீசும் கணவாய்க் காற்றுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அது ஏறத்தாழ பத்து சதவீதம் மேலே இன்னோர் அதிர்விலும் பாடத் தயாராக இருக்கும். ஆசிலேட்டரில் அதை அடக்கத் தனிச் சுற்று வேண்டும். முதல்முறை செய்பவர் தொடக் கூடியது அல்ல.

எளிய வழிகள் இரண்டு

பைமெட்டல் தெர்மோஸ்டாட் ஹீட்டரை முழுதாகப் போடும், முழுதாக அணைக்கும். மேல்நிலைத் தொட்டியில் மிதவை சுவிட்ச் செய்யும் வேலை இது. தொட்டியில் நீர்மட்டம் ஏறி இறங்குவதுபோலவே கிரிஸ்டலின் வெப்பமும் ஓரிரு டிகிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதிர்வெண்ணைத் தாளில் வரைந்தால் ரம்பப் பல் தெரியும். தொடுமுனைகளும் தேய்ந்துபோகும். இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பிடிசி வேறு வகை. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் மின்தடை திடீரென்று உயர்ந்து, தன் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் பேரியம் டைட்டனேட் வில்லை அது. சுற்றே தேவையில்லை, கிரிஸ்டலின் முதுகில் ஒட்டி 12 வோல்ட் கொடுத்தால் போதும். அறை வெப்பம் 20 டிகிரி மாறினால் கிரிஸ்டல் ஓரிரு டிகிரி மாறும். பள்ளம் அதே வெப்பநிலையில் விழும் கிரிஸ்டல் வாய்த்தால், இந்த எளிமைக்கு இது வியக்கத்தக்க பலன். 144 மெகாஹெர்ட்ஸ், 432 மெகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு ஒரு மாலைப்பொழுதில் முடிக்கக் கூடிய முன்னேற்றம் இதுதான். 10 கிகாஹெர்ட்ஸுக்குப் போதாது. காற்று வீசும்போதெல்லாம் கை டயலைத் தேடும்.

உலோகக் கட்டியும் கம்பியும்

இனி வருவது அனலாக், டிஜிட்டல் இரண்டுக்கும் பொது. ஓவனின் நடுவே இருப்பது கிரிஸ்டல், ஹீட்டர், வெப்ப உணரி மூன்றையும் ஏற்றிய ஓர் உலோகக் கட்டி. கட்டுப்படுத்தும் சுற்றுக்குத் தெரிவது உணரியின் வெப்பநிலை மட்டும். கிரிஸ்டல் இன்னோரிடத்தில் இருக்கிறது. கிரிஸ்டலின் டப்பாவிலிருந்து வெளியே ஒரு டிகிரிக்கு 1 மில்லிவாட் கசிகிறது, டப்பாவுக்கும் உலோகக் கட்டிக்கும் இடையிலான தொடர்பு ஒரு வாட்டுக்கு 5 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் இருநூறில் ஒன்று. அறை 10 டிகிரி குளிர்ந்தால், உணரி இம்மியும் அசையாமல் இருக்க, கிரிஸ்டல் 50 மில்லி டிகிரி இறங்கியிருக்கும். உணரி காணாத பிழையைச் சுற்று திருத்துவது எப்படி?

ஆகவே காசையும் நேரத்தையும் முதலில் போட வேண்டிய இடம் அந்த உலோகக் கட்டி. இதில் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு உள்ள வசதி வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காது. கணபதியிலோ சிங்காநல்லூரிலோ ஒரு லேத் பட்டறையில் 40 மில்லிமீட்டர் அலுமினிய ராடில் 30 மில்லிமீட்டர் வெட்டி, கிரிஸ்டல் நுழையும் அளவுக்குக் காடி எடுத்து, வெப்ப உணரியான தெர்மிஸ்டருக்கு ஒரு துளை போட்டுத் தரச் சொன்னால், பம்ப் உதிரிபாகங்களுக்கு நடுவே செய்து கொடுத்துவிடுவார்கள். கட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம். கிரிஸ்டல் காடிக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும்; இடைவெளியில் வெப்பப் பசை. தெர்மிஸ்டரின் துளை கிரிஸ்டலின் காடிக்கு மிக அருகில், ஹீட்டருக்கு நேர் எதிரே அல்லாமல், கட்டியின் நடுப்பகுதியில். ஹீட்டர் ஒரே முனையில் இருந்தால் கட்டிக்குள்ளேயே வெப்பச் சரிவு உண்டாகும்; ஹீட்டராக இரண்டு டிரான்சிஸ்டர்களை எதிரெதிர்ப் பக்கங்களில் திருகினால் அது பெருமளவு குறையும். ஆசிலேட்டர் போர்டும் இந்தக் கட்டியின் மேல்தான் இருக்க வேண்டும். கிரிஸ்டலோடு சேர்ந்த 30 பிகோஃபாரட் கன்டென்சர், வெப்பத்துக்கு அதிகம் அசையாத சிஓஜி வகையாகவே இருந்தாலும், வெளியே அறை வெப்பத்தில் நின்றால் ஒரு டிகிரிக்கு நூறு கோடியில் பத்துப் பங்குக்கு மேல் அதிர்வெண்ணை இழுக்கும். கிரிஸ்டலுக்கு மட்டும் குளிர் படாமல் பார்த்துக்கொண்டு கன்டென்சரைத் தெருவில் நிறுத்தினால் பயனில்லை.

கட்டியைச் சுற்றி 25 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் நுரை. தெர்மோகோல் எளிதில் கிடைக்கிறது என்று அதையே உள்ளே வைப்பவர்கள் உண்டு. 80 டிகிரியை நெருங்கும்போது அது இளகிச் சுருங்கிவிடும். 60 டிகிரி ஓவனில் வெளிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம், கட்டியை ஒட்டி வேண்டாம். மேலே சொன்ன அளவுக் கட்டிக்கு இந்த நுரை வழியே கசியும் வெப்பம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 13 மில்லிவாட்.

இப்போது கம்பிகளைப் பாருங்கள். 0.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பி 30 மில்லிமீட்டர் நீளத்தில் நுரையைக் கடந்து வெளியே போனால், அதன் வழியே மட்டும் டிகிரிக்கு 2.6 மில்லிவாட் ஓடிவிடுகிறது. மின்சப்ளைக்கு இரண்டு, தெர்மிஸ்டருக்கு இரண்டு என நான்கு கம்பிகள் போட்டால் 10 மில்லிவாட்டுக்கு மேல். மொத்த நுரையும் கசியவிடும் அளவை நான்கு கம்பிகள் நெருங்கிவிடுகின்றன! அதைவிடக் கேடு, தெர்மிஸ்டரின் கம்பி நேராக வெளியே போனால் அந்தக் குளிர் நேராகத் தெர்மிஸ்டரின் தலைக்கே வந்து சேரும். அது காட்டுவது கட்டியின் வெப்பமும் அறையின் வெப்பமும் கலந்த ஒன்றாக இருக்கும்.

தீர்வு மோட்டார் வைண்டிங் கடையில் இருக்கிறது. 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியில் இதே கசிவு 0.1 மில்லிவாட்தான். அந்தக் கம்பியைக் கட்டியைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, பசையிட்டு ஒட்டிவிட்டு, பிறகு வெளியே எடுங்கள். வெளியிலிருந்து கம்பி வழியே வரும் குளிர் கட்டியிடமே முடிந்துவிடும்; தெர்மிஸ்டரைத் தொடாது. ஹீட்டருக்கு 0.2 மில்லிமீட்டர் போதும். இந்த ஒரு வேலைக்கு ஆகும் செலவு அநேகமாகச் சுழியம். எந்தக் கட்டுப்பாட்டுச் சுற்றை மாற்றினாலும் இவ்வளவு பலன் வராது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அனலாக்கா, டிஜிட்டலா?

25 டிகிரியில் 10 கிலோஓம் காட்டும் என்டிசி தெர்மிஸ்டர் (சூடேறச் சூடேற மின்தடை குறையும் வகை), 80 டிகிரியில் சுமார் 1.27 கிலோஓம் காட்டும். அங்கே ஒரு டிகிரிக்கு மின்தடை 3.2 சதவீதம் மாறுகிறது. 2.5 வோல்ட்டில், அந்த மின்தடையை மற்ற ரெசிஸ்டர்களோடு ஒப்பிடும் ஒரு பிரிட்ஜ் சுற்று அமைத்தால் டிகிரிக்கு 20 மில்லிவோல்ட். ஒரு மில்லி டிகிரிக்கு 20 மைக்ரோவோல்ட். 60 டிகிரியில் உணர்திறன் இன்னும் சற்று நன்றாகவே இருக்கும். மலிவான எல்எம்358 ஆப்-ஆம்ப் (சிறு மின்னழுத்த வித்தியாசத்தைப் பெருக்கும் சிப்) ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 7 மைக்ரோவோல்ட் நகரும். அறை 20 டிகிரி மாறினால் அதனால் வரும் பிழை 7 மில்லி டிகிரிதான். எல்லோரும் பழிக்கும் ஆப்-ஆம்ப் இங்கே பெரிய குற்றவாளி இல்லை. பிரிட்ஜில் உள்ள சாதாரண ரெசிஸ்டர் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு நகர்ந்தால், அதே 20 டிகிரிக்கு ஓவனின் இலக்கு 60 மில்லி டிகிரிக்கு மேல் நகர்ந்துவிடும். செங்குத்தான இடத்தில் நிற்கும் கிரிஸ்டலில் அது 10 கிகாஹெர்ட்ஸில் 350 ஹெர்ட்ஸுக்கு மேல். பள்ளத்துக்குப் பக்கத்தில் நிற்பதில் 20 ஹெர்ட்ஸுக்குள். நல்ல ரெசிஸ்டர்களை வாங்குங்கள். அல்லது பிரிட்ஜையும் ஆப்-ஆம்பையும் சேர்த்துக் கட்டியின் மேலேயே ஏற்றிவிடுங்கள். அவற்றுக்கும் அறை வெப்பம் தெரியாமல் போய்விடும். என் தேர்வு இரண்டாவது.

ஹீட்டராக ரெசிஸ்டரை வைத்தால் வெப்பம் மின்னழுத்தத்தின் இருபடியாக ஏறும். சித்திரையில் வளையத்தின் பெருக்கம் ஒன்று, மார்கழியில் வேறொன்று. டிரான்சிஸ்டரையே ஹீட்டராக்கி, அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தினால், மாறாத சப்ளையில் வெப்பம் நேர்விகிதத்தில் போகும். ஆண்டு முழுக்க ஒரே நடத்தை. எமிட்டர் ரெசிஸ்டரையும் கட்டியிலேயே திருகிவிட்டால் ஒரு மில்லிவாட்டும் வீணாகாது.

அனலாக் சுற்றின் உண்மையான சிரமம் இன்டக்ரல் பகுதியில், அதாவது பிழையை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போய்த் திருத்தும் பகுதியில் வருகிறது. விகிதக் கட்டுப்பாடு மட்டும் இருந்தால், அறை 10 டிகிரி மாறும்போது கட்டி 20, 30 மில்லி டிகிரி நகர்ந்து நிற்கும். அதைத் துடைக்க இன்டக்ரல் வேண்டும். கட்டியின் வேகமோ நிமிடக் கணக்கு. அவ்வளவு நீண்ட காலமாறிலிக்குப் பெரிய எலக்ட்ரோலிடிக் கன்டென்சரைப் போட்டால் அதன் கசிவு மின்னோட்டமே பிழையாகிவிடும். ஃபிலிம் கன்டென்சரும் சில மெகாஓம் ரெசிஸ்டரும், அதற்கு முன்னால் நூறு மடங்கு பெருக்கும் ஒரு படியும் வைத்தால் 50 விநாடி வரை எட்டலாம். சிறிய கட்டிக்கு அது போதும். பிடிவாதமாகத் தனி இன்டக்ரல் இல்லாமலே விட்டாலும், பள்ளத்தில் உட்கார்ந்த கிரிஸ்டலுக்கு அந்த 20, 30 மில்லி டிகிரி கண்ணுக்கே தெரியாது.

மைக்ரோகன்ட்ரோலர் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. எத்தனை நிமிட இன்டக்ரலும் அதற்கு ஒரு வரி. சூடாகும்போது இன்டக்ரல் அளவுக்கு மீறிக் குவிந்து வெப்பநிலை எல்லையைத் தாண்டுவதைத் தடுக்கலாம். ஹீட்டரின் சக்தியைப் பதிவுசெய்து வைத்தால் காற்று எப்போது வீசியது, எப்போது ஓய்ந்தது என்று அதுவே காட்டும். ஆனால் அதன் உள்ளே இருக்கும் 12 பிட் ஏடிசியை (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) நம்பி இறங்க வேண்டாம். 2.5 வோல்ட்டை 4,096 படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்கு 30 மில்லி டிகிரி. ஓவன் அந்தப் படிகளுக்கு நடுவே மேலும் கீழும் தத்திக்கொண்டே இருக்கும். தனியாக 24 பிட் சிக்மா-டெல்டா ஏடிசி வேண்டும், அதற்கும் தெர்மிஸ்டருக்கும் ஒரே ரெஃபரன்ஸ் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். அப்போது ரெஃபரன்ஸ் நகர்ந்தாலும் விகிதம் மாறாது.

பிடபிள்யூஎம்மில், அதாவது வேகமான துடிப்புகளாக, ஹீட்டரை நேராகப் போட்டு அணைப்பதை நான் எதிர்க்கிறேன். கட்டியில் அரை ஆம்பியர் மின்னோட்டம் விட்டுவிட்டுப் பாயும்போது தரைக்கம்பியின் மின்னழுத்தம் அதனோடு சேர்ந்து ஆடுகிறது. அந்த ஆட்டம் ஆசிலேட்டரின் மேல் ஏறி, 390 மடங்கு பெருகி, 10 கிகாஹெர்ட்ஸில் குரலின் இருபுறமும் முள்முள்ளாக நிற்கும். பிடபிள்யூஎம்மை வடிகட்டி மென்மையான மின்னழுத்தமாக்கி, அதைக்கொண்டு அதே டிரான்சிஸ்டரை ஓட்டலாம்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு தெர்மல் ஃபியூஸ் கட்டாயம். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலும் நிரல் உறைந்தாலும் ஹீட்டர் முழு வேகத்தில் எரியும். சுற்றிலும் இருப்பதோ நுரை. ரைஸ் குக்கர் உதிரிபாகம் விற்கும் கடையில் கிடைக்கும் ஃபியூஸில் 100 டிகிரிக்கு அருகில் அறுபடுவதாகப் பார்த்துக் கட்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். ஆளில்லாத அறையில் ஆண்டுக்கணக்கில் ஓடப்போகும் சாதனம் இது.

பழைய ஓவன் ஆசிலேட்டர்

கழற்றப்பட்ட தொலைத்தொடர்பு நிலையங்களிலிருந்து வரும் 10 மெகாஹெர்ட்ஸ் ஓவன் ஆசிலேட்டர்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. பலவற்றில் எஸ்சி வெட்டு. நல்லது ஒன்று அமைந்தால், அறை வெப்பத்தின் முழு வீச்சுக்கும் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் நிற்கும். சாதாரணக் கிரிஸ்டலை வைத்து வீட்டில் செய்யும் ஓவன் அதை எட்டுவது கடினம். 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து 25 மெகாஹெர்ட்ஸை ஒரு பிஎல்எல் (ஓர் அதிர்வெண்ணோடு பூட்டி இன்னொன்றை உருவாக்கும் சுற்று) எடுத்துத் தரும்.

அதனால் கியூஓ-100 கேட்பது மட்டுமே நோக்கம் என்றால் என் பதில் இதுதான்: வாங்குங்கள், உழைப்பை அதன் வெளிப்பெட்டியில் போடுங்கள். கனமான அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, வெளியே தெர்மோகோல் சுற்றி, சன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். கணவாய்க் காற்றின் சில நிமிட அலை பெருமளவு தேய்ந்துதான் உள்ளே போகும். உள்ளே இருக்கும் வளையத்துக்கு அது சிரமமே இல்லை. வெளிப்பெட்டியையும் தனியே சூடாக்கி இரட்டை ஓவனாக்கும் ஆசை சிலருக்கு வரும். நம் ஊரில் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிப்பெட்டி 55 டிகிரியிலாவது இருந்தால்தான் கோடையில் கட்டுப்பாட்டில் நிற்கும். பல ஆசிலேட்டர்களுக்கு அனுமதிக்கப்பட்ட வெளி வெப்பமோ 60 அல்லது 70. கோடையில் நெருக்கிப் பிடிக்கும். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ இருப்பவர் தாராளமாகச் செய்யலாம்.

சூடேற்றாமலே நிலைப்படுத்தும் வழி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மண்ணுக்குள் பகல்-இரவு வெப்ப அலை சுமார் 12 சென்டிமீட்டருக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்காகத் தேய்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அது ஆயிரக்கணக்கான மடங்கு மெலிந்துவிடும். ஆண்டு முழுக்க வரும் மெதுவான ஏற்ற இறக்கம் மட்டுமே மிஞ்சும். தோட்டத்தில் தண்ணீர் தேங்காத மேட்டில் குழி தோண்டி, நன்கு அடைத்த குழாயில் ஆசிலேட்டரை இறக்கினால், மின்வெட்டில் ஆறிப்போக ஓவனும் இல்லை, காற்றும் அதை ஒன்றும் செய்யாது. பருவத்துக்கேற்ற நகர்வை ஜிபிஎஸ் கொண்டு திருத்திக்கொள்ளலாம். மழைக்காலத்தில் ஈரம் உள்ளே போகாமல் காப்பதுதான் கடினம். செய்து பார்க்க இடமும் பொறுமையும் உள்ளவர்களை நான் ஊக்குவிக்கிறேன்.

மின்வெட்டுக்கு வருவோம். மேலே சொன்ன கட்டி 25 டிகிரி அறையில் 75 டிகிரியில் நிற்க முக்கால் வாட்டுக்குள்தான் கேட்கும். சுற்றுகளையும் சேர்த்து ஒன்றரை வாட். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இரண்டு நாள் தாங்கும். ஆறிப்போன கட்டியைத் திரும்பச் சூடாக்க 6 வாட் கொடுத்தாலும் கால்மணி நேரம் ஆகும், அதிர்வெண் அமைதியாக மேலும் பல மணி நேரம். எனவே இன்வெர்டரை நம்பாமல் ஓவனுக்கென்று தனிப் பேட்டரி வையுங்கள்.

வாங்க வேண்டாம், செய்தே தீர வேண்டும் என்பவருக்கு: பொறுக்கி எடுத்த ஏடி கிரிஸ்டல், லேத்தில் கடைந்த கட்டி, மெல்லிய கம்பி, டிரான்சிஸ்டர் ஹீட்டர், கட்டியின் மேலேயே அனலாக் பிரிட்ஜ். நிரல் எழுதத் தெரிந்தவர், ஹீட்டரின் சக்தியையும் வெப்பநிலையையும் பதிவுசெய்ய விரும்புபவர் மட்டும் டிஜிட்டலுக்குப் போகலாம். முதலில் அனலாக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனால், மாற்றத்தால் கிடைத்தது என்ன என்பது தெரியும்.

செய்ததைச் சோதிக்க ஜிபிஎஸ் ரிசீவரின் விநாடித் துடிப்பு போதும். அந்தத் துடிப்பு 50 நானோவிநாடி ஆடினாலும், 1,000 விநாடி சேர்த்துப் பார்த்தால் ஆயிரம் கோடியில் அரைப் பங்கு வரை தெரிந்துவிடும். இலக்கு வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றுங்கள், அரைமணி நேரம் விடுங்கள், அதிர்வெண்ணைக் குறியுங்கள். அடுத்த டிகிரிக்குப் போங்கள். அதிர்வெண் இறங்கி, நின்று, ஏறும் இடம் பள்ளம். அங்கே நிறுத்திய பிறகு, ஒரு டேபிள் ஃபேனை ஓவனை நோக்கித் திருப்பி, ஐந்து நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடம் அணைத்து, இரண்டு மணி நேரம் பதிவுசெய்யுங்கள். பதிவில் பத்து நிமிட அலை தெரிந்தால் சுற்றைத் தொடாதீர்கள். பெட்டியைத் திறந்து கம்பிகள் வெளியேறும் இடத்தையும், கிரிஸ்டல் காடிக்குள் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.